விலக்குகள்

உலான்பாத்தர். மைனஸ் முப்பத்தொன்று.
ஜன்னலில் நிலக்கரிப் புகை அப்பிக்கிடக்கிறது.
சமையல் மேசைமேல் மூன்று காப்பீட்டுத் திட்டங்கள்,
நடுவில் வேர்லே.

மலிவானதில் பல் இல்லை.
அடுத்ததில் சோல் வரை விமானம் உண்டு,
முதல் இரண்டாயிரம் யூரோ அவள் பாடு.
மூன்றிலுமே குதிரையேற்றம் அபாய விளையாட்டு.

பக்கத்து வீட்டு ஓயூன் சிரித்ததில்
பால் தேநீர் சிந்திவிட்டது:
"ஆடு மேய்க்கிற என் தம்பி
அப்போ தினமும் விளையாடுகிறானா?"

இருமல் எப்போது தொடங்கியது?
'வந்த இரண்டாம் வாரம்' என்றெழுதி
அடித்தாள்.
முன்பே இருந்த நோய்க்குக் காசில்லை.
இந்த ஊர்க் காற்றோ
பாலிசிக்கு முந்தியது.

கடைசிக் கேள்வி:
உடலை எந்த நாட்டுக்கு அனுப்புவது?

கென்ட்டில் கையெழுத்திட்டுப் பெட்டியை வாங்க
யார் யார் மிச்சம் என்று எண்ணினாள்.
ஒரு கையே போதுமாயிருந்தது.

ஓயூன் குனிந்து
தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.