பால்மாவு, ஒரு டின்

குழாய் எங்கே இருந்தது என்பதிலேயே
முதல் முக்கால் மணி நேரம் போனது.
தண்டவாளத்துப் பக்கம் என்றார் உதுமான் கனி.
கோழிக்காரன் வேலியோரம் என்றார் ரொகாயா அக்கா,
வரிசையில் வாளியை வைத்துவிட்டு
அதன்மேலேயே தூங்கிய இடம் எனக்குத் தெரியாதா என்று.
மேசையில் விரித்த வரைபடத்தில்
சிவப்புப் பொட்டு ஒட்ட வந்த பெண்
விரல் நுனியில் பொட்டோடு நின்றாள்.
கடைசியில் இரண்டு குழாய் இருந்ததாக முடிவாயிற்று.
யாருக்கும் திருப்தியில்லை.

நான் பேச வரவில்லை.
பேருந்தில் அதிகாலை ஷிப்ட் முடித்து
சீருடையோடு கடைசி நாற்காலியில் இருந்தேன்.
அழைத்தது அம்மாவைத்தான்.
முட்டி வலி, நீ போ என்றாள்.
எங்கள் கதவுக்கும் இந்த அறைக்கும் நடுவே
மூன்று மாடி, ஒரு லிஃப்ட்.

என்னிடம் இருந்தது கொஞ்சம்:
அப்பா காத்தமுத்து,
ஹார்பர் போர்டில் பாரந்தூக்கிக்குக் கொடி காட்டியவர்.
குவார்ட்டர்ஸ் பதினாலாம் எண்.
மீதியெல்லாம் அம்மா சொன்னது.
அம்மா சொல்வது எப்போதும்
எழுபத்திரண்டில் தொடங்கும்,
நான் பிறந்த வருஷத்தில்.

கியாட் செங் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார்.
உள்ளே 555 கணக்குப் புத்தகங்கள்,
ரப்பர் வளையம் உருகி அட்டையோடு ஒட்டியிருந்தது.
மளிகைக்கடையை மூடியபோது
தராசை எவனோ எடுத்துப் போனான்,
ஊத்தாங் மட்டும் என் பங்குக்கு வந்தது என்றார்.
அவர் அப்பா யார் பெயரையும் எழுதியதில்லையாம்.
'மூன்று பெண் வீட்டுக்காரி.'
'தங்கப்பல் மலாய்க்காரர்.'
'கள்ளுக்கு முன்னால் நல்லவன்.'
அறையே சிரித்தது.
கள்ளுக்கு முன்னால் நல்லவனின் மகன்
எழுந்து நின்று கும்பிட்டார்.

பிறகு, 'கொடி.'
ஒரே ஓர் எழுத்து.
இது யார் என்று கேட்டார்கள்.
என் கை தானாக உயர்ந்தது,
இறங்கும் இடம் வந்த பயணியின் கைபோல.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
பாசார் மலாயில் வாசித்தார்:
அரிசி, ஆறு காத்தி.
மண்ணெண்ணெய்.
சிகரெட், உதிரி, இரண்டு.
(அப்பா புகைத்தாரா?)
பால்மாவு, ஒரு டின்.
கருவாடு.
பால்மாவு, ஒரு டின்.
பால்மாவு, ஒரு டின், கிரைப் வாட்டர்.
என்ன வருஷம் என்றேன்.
அறுபத்தொன்பது.

ஆகஸ்ட் முழுக்க இருந்தது.
செப்டம்பரில் ஒன்று.
அப்புறம் அரிசி.
மண்ணெண்ணெய்.
அரிசி.

பாக்கி இருக்கிறதா?
பதினோரு வெள்ளி, சில்லறை. மேலே கோடு இழுத்திருக்கிறார்.
கட்டிவிட்டாரா?
கட்டினால் வட்டம் போடுவார்.
கோடு என்றால்
கேட்கக்கூடாது என்று அர்த்தம்,
எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்.

மின்விசிறி ஒரு பக்கம் இழுத்துச் சுற்றியது.
ரொகாயா அக்கா என்னைப் பார்க்கவில்லை.
கறிபஃப் தட்டை மட்டும்
என் பக்கம் நகர்த்தினார்,
தெரிந்தவர் நகர்த்துவதுபோல.
அடுத்த பக்கத்துக்குப் போனார்கள்,
அது 'குடை திருப்பித் தராதவர்.'

பொட்டுக்காரப் பெண் கிளம்புமுன் வந்து கேட்டாள்:
அங்கிள், உங்களுக்கு எத்தனை ஒட்டட்டும்,
வீட்டுக்கு ஒன்று போதுமா?
போதும் என்றேன்.
பிறகு, கையில் மீந்த பொட்டை
நீயே வைத்துக்கொள் என்று அவள் தந்ததை
சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் அம்மா
தரையில் சம்மணமிட்டு,
வலிக்கும் அதே முட்டிகளோடு,
செய்தித்தாளில் நெத்திலி கொட்டித்
தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.
என்னதான் பேசினார்களாம்?
குழாயைப் பற்றி. இரண்டு இருந்ததாம்.
முதலில் ஒன்றுதான், என்றாள்.
இன்னொன்று
அறுபத்தொன்பதில் வந்தது.

விரல்கள் ஒரு மீனின்மேல் நின்று
மறுபடி ஓடின.
நான் பக்கத்தில் உட்கார்ந்து
ஒரு பிடி அள்ளிக்கொண்டேன்.
எந்த மாதம் என்று கேட்கவில்லை.