ஈரப்பதம்

கொரடாச்சேரி கொள்முதல் நிலையத்தில்
ஒரு கைப்பிடி நெல்லை மீட்டருக்குள் போட்டு
எண் வரும்வரை காத்திருப்பது என் வேலை.
பதினேழைத் தாண்டினால்
"இன்னும் ஒரு வெயில் காயட்டும்ணே" என்பேன்.
அவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள்.
நான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன மாதம் தஞ்சாவூரில்
நாற்காலி மாறிவிட்டது.
டாக்டரம்மா எண்ணைப் பார்த்தார்.
நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.
"ரத்தம் கம்மி. வேற ஒண்ணுமில்ல.
நல்லா சாப்பிடுங்க, ரெண்டு பேரும்."
அந்த 'ரெண்டு பேரும்'
அழுத்திச் சொன்னதா,
எனக்குத்தான் அப்படிக் கேட்டதா, தெரியவில்லை.
பாலகுரு ஜன்னல் வழியே
எதிர்க்கடை போர்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

நான் எதைச் சாப்பிட வேண்டுமென்று
தெரு முழுக்கத் தெரிந்திருக்கிறது.
பப்பாளி கூடாது, எள் ஆகாது,
அன்னாசி இருக்கும் கடைப்பக்கமே போகாதே.
பின்வீட்டுத் தமயந்தி
பூங்கார் அரிசி இரண்டு படி கொடுத்தாள்;
அவளுக்கு நாள் தள்ளியது
இந்தக் கஞ்சியில்தானாம்.
சித்தமல்லி நாத்தனார்
மாப்பிள்ளைச் சம்பா அவல் அனுப்பினாள்,
பொட்டலத்தின் மேல் பெயரெழுதி
அடியில் கோடும் போட்டு.
அவர் அதைப் பரண்மேல் தூக்கி வைத்தார்.
எலி தின்றது.
எலிக்கு ஆறு குட்டி.

காலையில் மஞ்சள் மாத்திரை.
முருங்கைக்கீரை உருவி உருவி
விரல் நுனி பச்சையேறி
ரசீதில் கூட ரேகை விழுந்தது.
கருப்பு உளுந்தை ஊறவைப்பேன், அரைப்பேன்,
பசிக்கிறதா என்று கேட்காமல்
வாய்க்குள் அனுப்புவேன்,
மூட்டைக்குள் நெல் தள்ளுவது போல.
டிபன் பாக்ஸ் திறந்தால்
சாக்கு தைக்கிற பையன் சொல்வான்:
"அக்காவுக்குத் தினம் முட்டை!"
நானும் சிரிப்பேன்.

இருபத்தெட்டு.
முப்பது.
முப்பத்தொன்று காலை
லாரிக்கு எண்ணிக்கொண்டிருந்தபோது
அடிவயிறு இழுத்தது.
நூற்றுப் பதினான்காம் மூட்டையோடு
எண்ணிக்கை விட்டுப்போய்
முதலிலிருந்து எண்ணச் சொன்னார்கள்.

அன்று உலை வைக்கவில்லை.
அறுவடை மெஷினை
எந்த வயலிலோ நிறுத்திவிட்டு
இரவு பதினொன்றுக்கு வந்தார்,
புருவத்திலெல்லாம் சுணை.
என்னைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்காமல் குளிக்கப் போனார்.
ஊறப்போட எடுத்த சட்டைப்பையில்
புகையிலை டப்பா.
விட்டாச்சு என்று சத்தியம் செய்திருந்தார்.
இன்றைக்குச் சண்டை போட
எனக்கு ஒன்று வேண்டியிருந்தது.
வேகமாய்த் திறந்தேன்.

பூசணி விதை.
தோலுரித்து, வறுத்து,
உப்புக்கூடப் போடாமல்.

"எத்தனை நாளா?"
"ரெண்டு மாசம் இருக்கும்.
வாய்க்குள்ள அடக்க எதாச்சும் வேணும்ல."
"யாரு சொன்னா?"
"போன்ல பாத்தேன்."
துண்டால் காதைத் துடைத்தபடி
சுவரிடம் சொல்வதுபோல் சொன்னார்:
"சூடும் ஆகாதுன்னு போட்டிருந்தான்.
மெஷின் சீட்டு கொதிக்குது.
அதான் கோணிய நனைச்சுப் போட்டு உக்காருறேன்."

கால்சட்டைக்குப் பின்னால்
தினம் ஒட்டியிருந்த அந்தச் சேறும் ஈரமும்.
"சின்னப் பிள்ளையா நீ,
எங்க போயி உக்காருற?" என்று
துவைக்கும்போதெல்லாம் திட்டியிருக்கிறேன்.
அவர் பதில் சொன்னதே இல்லை.

அலமாரியில் எள்ளுருண்டை இருந்தது,
ஸ்டேஷன் கடையில் வாங்கி
அரிசிக்கு அடியில் நான் ஒளித்தது.
எடுத்துக்கொண்டு வந்தேன்.
அவர் கேட்டார், "எள்ளு ஆகாதுன்னாங்களே?"
"டாக்டரம்மா சொல்லலையே."
காலையிலிருந்து முதல்முறையாக
வயிறு வேறு விதமாய் வலித்தது.
பசி.

ஆளுக்கு ஒன்றைக் கடித்தோம்.
பிறகு டப்பாவிலிருந்து
ஒரு கை விதை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.
புகையிலை நாற்றம்
இன்னும் முழுசாய்ப் போகவில்லை.
நாளைக்குப் புளி போட்டுத் தேய்க்கவேண்டும்.