கிழக்கே ஒரு விளக்கு

சதர்லாந்தில் ஜூலை மாதம்.
கையுறைக்குள் விரல் இருக்கிறதா என்று
அவ்வப்போது எண்ணிப் பார்க்க வேண்டிய குளிர்.
மாலையில் குவிமாடத்தைத் திறப்பது என் வேலை,
விடிந்தால் மூடுவதும்.
வானத்தைப் பார்ப்பவர்கள் வேறு ஆட்கள்.
நான் கருவியைப் பார்ப்பவள்.

பகலில் வருகிற சுற்றுலாக்காரர்கள்
தவறாமல் கேட்பார்கள்:
"நாம பார்க்கிற நட்சத்திரமெல்லாம்
எப்பவோ செத்துப் போனதாமே?"
இல்லை என்பேன்.
வெறுங்கண்ணுக்குத் தெரிவதில் அநேகமாக எல்லாமே
இன்னும் குத்துக்கல்லாட்டம் இருக்கின்றன.
சில ஆயிரம் ஆண்டு
அவற்றுக்கு ஒரு கொட்டாவி.
முகம் வாடிவிடும் அவர்களுக்கு.
சாவு கலந்தால்தான் சிலருக்கு வானம் ருசிக்கிறது.

அன்றிரவு ஆனால் நிஜமாகவே ஒரு சாவு.
ஆறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால்
ஒரு விண்மீன் மண்டலத்தின் ஓரத்தில்
நட்சத்திரம் ஒன்று வெடித்தது.
வெடித்ததா, வெடிக்கிறதா?
பதிவேட்டில் எழுதப்போன மாணவி செபிசோ
வினைச்சொல் முடியாமல் பேனாவைக் கடித்தாள்.
அது வெடித்த நாளில்
இந்தக் காரூ வெளியில் ஆடும் இல்லை,
ஆட்டை எண்ண ஆளும் இல்லை.
புறப்பட்ட வெளிச்சம்
வழியில் எங்கும் உட்காராமல்
எங்கள் வேலை நேரம் பார்த்து வந்து சேர்ந்திருந்தது.

பத்து மணி பத்து நிமிடத்துக்குக்
கிழக்கே மூல்மன் பண்ணையில் விளக்கு எரிந்தது.
ஆறு கிலோமீட்டர்.
இரவில் வெளிவிளக்கு கூடாது.
லௌரன்ஸ் மூல்மனுக்கு அது தெரியும்.
பதினேழு வருடமாக இதுதான் எங்கள் சண்டை:
விளக்கு எரிந்த ஐந்தாம் நிமிடம்
தொலைபேசியில் நான் கத்துவேன்,
ஆப்பிரிகான்ஸில் அவர் திருப்பிக் கத்துவார்,
"ஆடு ஈனுது, பொறு" என்பார்,
அணைத்துவிடுவார்.

அன்று நான் கூப்பிடவில்லை.
எழுதினேன், ஒரே வரி:
"கிழக்கில் வெளிச்ச இடையூறு. 22.10 முதல். தொடர்கிறது."
எழுதிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டேன்
ஆறு கோடி ஆண்டுப் பழசின் பக்கம்.

விடியற்காலை, திட்டுவதற்கென்றே
வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.
ஆட்டுக்கொட்டிலில் கிடந்தார்,
இடுப்பெலும்பு முறிந்து.
இரண்டு பக்கமும் இரண்டு தாய் ஆடுகள்
சுவர்போலப் படுத்திருந்தன.
அவர் கோட்டுக்குள்ளிருந்து ஒரு குட்டி
தலையை நீட்டி என்னைப் பார்த்துக் கத்தியது.
கைத்தடியால் எக்கித் தட்டினாராம் சுவிட்சை.
பல் கிட்டித்த வாயால் சொன்னார்:
"நீ கோபப்படணும்னுதான் போட்டேன்.
வீட்டுக்குள்ள போன் அடிக்கும்,
எடுக்கலேன்னா ஏறி வருவேன்னு.
அஞ்சு நிமிஷம் எண்ணினேன்.
அப்புறம் இன்னொரு அஞ்சு."

கணக்குப் போடுவது எனக்கு வியாதி.
ஆறு கிலோமீட்டரைக் கடக்க வெளிச்சத்துக்கு
நொடியில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு.
அது வந்துவிட்டது.
கண்ணில் பட்டது.
என் கையெழுத்தில் ஏறியும்விட்டது.
மீதி எட்டரை மணி நேரம்
என்னுடைய தூரம்.

அந்த வரியை நான் அடிக்கவில்லை.
"இடையூறு" என்பதன் பக்கத்தில்
யாரோ பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள்,
செபிசோவாகத்தான் இருக்கும்.
நட்சத்திரம் மங்கிப் போயிற்று.
மூல்மன் ஊன்றுகோலோடு நடக்கிறார்.
இப்போதும் சில இரவு விளக்கைப் போடுகிறார்,
ஆடு ஈனாத மாதத்தில்கூட.
செய்துகொண்டிருப்பதை விட்டுவிட்டு
இரண்டாம் நிமிடமே கத்துகிறேன்.

மறுமுனையில் நாய் குரைக்கிறது.
"லேட்" என்கிறார்.