முப்பத்தெட்டு வினாடி

போனை எடுத்தவள் நான்தான்.
கீரை நறுக்கிக்கொண்டிருந்தேன், தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு.
"அம்மா, மாடிப் புகைபோக்கிக்குள் புறா கூடு கட்டியிருக்கிறது.
நாளைக்குக் கம்பியோடு வருகிறேன்.
அதுவரைக்கும் அந்தப் பையன் கணப்பை ஏற்ற வேண்டாம்."
நூர்அகாவின் பேச்சில் ஹேராத்தின் இழுவை.
சரி என்றேன்.

ஹூஷங்கிடம் சொன்னேன்.
டெஹ்ரானில் அன்று பனி.
"குளிரில் படுக்கச் சொன்னால்
வாடகையில் பாதியைப் பிடித்துக்கொள்வான்" என்றார்,
துண்டால் தலையைத் துவட்டியபடி.
அல்லது
சொல்ல வேண்டுமென்று நினைத்து
அடுப்படிக்குத் திரும்பிவிட்டேனா?
துண்டு நீல நிறம். அது மட்டும் நிச்சயம்.

காலையில் பூயானின் அலாரம்
அடித்துக்கொண்டே இருந்தது.

விசாரணைக்கு வந்தவர்
சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துத் தேநீர் குடித்தார்.
"மாலை ஐந்து பத்து. கொத்தனார் நம்பரிலிருந்து
உங்கள் வீட்டுக்கு. முப்பத்தெட்டு வினாடி."
கோப்பையைச் சாசரில் வைக்கும் சத்தம்.
"கூலி பாக்கி கேட்டிருப்பான்" என்றார் ஹூஷங்.
அதிகாரி என்னைப் பார்த்தார்.
"பாக்கிதான் கேட்டான்."
எழுதிக்கொண்டார்.
நூர்அகாவுக்குக் காகிதம் கிடையாது.
எந்த ஸ்டேஷன் படியும் ஏற மாட்டான்.
அறையில் மூன்று பேருக்கும் அது தெரியும்.

இரவில், இருட்டில் கேட்டார்:
"நீ என்னிடம் சொல்லவே இல்லை, இல்லையா?"
"இல்லை" என்றேன்.
கொஞ்ச நேரத்தில் குறட்டை.
அந்தத் தூக்கம் நான் கொடுத்தது.

ஏழாம் நாள் கழித்துப் பையனின் அப்பா வந்தார்,
லாஹிஜானிலிருந்து பஸ்ஸில்,
தோளில் பத்துக் கிலோ அரிசி.
புத்தகங்களைக் கயிற்றால் கட்டினார்.
சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கி
ஒயரைப் பொறுமையாகச் சுற்றினார்.
பிறகு சட்டைப்பையிலிருந்து பணம்:
"இந்த மாத வாடகை. கடனோடு போகக்கூடாது பிள்ளை."

மூன்று முறை மறுப்பது எங்கள் மரியாதை.
ஹூஷங் மூன்று முறை மறுத்தார்.
நான்காவது முறை
எண்ணிப் பார்க்காமல் அலமாரியில் வைத்தார்.

வாசலில் ஷூவுக்குள் காலை நுழைத்தவர்
நிமிராமலேயே கேட்டார்:
"அன்றைக்குப் பனி கடுமையாமே.
பையன் குளிரில் கஷ்டப்படவில்லையே, அம்மா?"

கீரை நறுக்கிய கத்தி
சமையலறையில் அதே இடத்தில் கிடந்தது.

"இல்லை" என்றேன்.
"கணப்பு இரவு முழுக்க எரிந்தது."