பதிவுத் தபால்

ஓஸ்லோவிலிருந்து வந்த சின்னப் பெட்டி.
ராங்ஃப்ரிட் ஐடே, இங்கே ஒரு கையெழுத்து.
விரலில் மீன்செதில்; பாவாடையில் துடைத்துவிட்டுப் போட்டாள்.

நாட்டின் போர்ப் பதக்கம்.
மீன் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தாள்.
"ஒரு குஞ்சு மீனுக்குக்கூடக் காணாது" என்றாள்,
சிரிக்காமல்.

பதினோரு பேரைப் பனியில் நடத்தி
ஸ்வீடன் எல்லை தாண்ட வைத்தவள்.
பன்னிரண்டாவது அவள் தம்பி.
யாரோ எழுதிப் போட்டுவிட்டார்கள்.

நாற்பத்து மூன்று, பிப்ரவரி.
ஜெர்மன் அலுவலகத்துக்கு ஒரு மெல்லிய உறை.
தபால்தலை சரியாகத்தான் ஒட்டியிருந்தது.
பிரித்துப் பார்ப்பது என் வேலை இல்லையே.

"காப்பி குடித்துவிட்டுப் போ, ஹால்வர்."
கம்பளிச் சட்டையில் ஊசி குத்திய ஓட்டையை
நகத்தால் நீவிக்கொண்டிருந்தாள்.

இன்னும் நான்கு வீடு பாக்கி என்றேன்.

தோளில்
காலிப் பை.