ஆப்பு

ஆரம்பாக்கம் தாண்டினால்
பெயர்ப்பலகை எழுத்தெல்லாம் உருண்டையாகிவிடும்.
தடாவுக்கு மேற்கே கம்பெனி பஸ் நிற்குமிடத்தில்
ஷிஃப்ட் மாறும்போது
பாதிப்பேர் தமிழில் கொட்டாவி விடுகிறார்கள்,
பாதிப்பேர் தெலுங்கில்.

என் ஆய்வுத் தலைப்பு பதினேழு சொல் நீளம்.
சுருக்கமாய்ச் சொன்னால்
கைமாறி வந்த அறுபது டன் அழுத்தி ஒன்று,
அதன் முன்னால் ஒரு பெண்,
நடுவே இரண்டு பொத்தான்.
இரு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான்
அச்சு இறங்கும்.
கை வெளியே இருக்கிறது என்பதற்குக்
கையே சாட்சி.
நல்ல வடிவமைப்பு. நானே பாடம் எடுத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள்தான் கண்ணில் பட்டது
இடப்பக்கப் பொத்தானின் விளிம்பில்
விரல்நுனி அளவு வேப்பந்துண்டு,
செதுக்கி, எண்ணெய் ஏறி, கறுத்துப்போய்.
அதை இறுக்கிச் செருகிக்கொண்டே
"சூப்பர்வைசர்கிட்ட சொல்லாத மேடம்" என்றாள் பெஞ்சலம்மா.
சொல்லவில்லை.
எழுதினேன்.

வழிகாட்டி கேட்டிருந்தார்:
பிழையா, மீறலா?
ஏதாவது ஒரு கட்டத்தில் போடு.

அதற்குள் எச்சரிக்கைக் குரல் பொருத்தினோம்.
கை உள்ளே நீண்டால் இயந்திரம் பேசும்,
அதுவும் அவர்கள் மொழியிலேயே
என்று அறிக்கையில் பெருமை வேறு.
சூளூர்ப்பேட்டை ஆசிரியை ஒருவர் குரல் கொடுத்தார்:
ஆபு! ஆபு!
தெலுங்கில், நிறுத்து.

முதல்முறை அது கத்தியதும்
கும்மிடிப்பூண்டி வரிசை மொத்தமும் சிரித்தது.
"மெஷினே சொல்லிருச்சுடி, நமக்கு ஆப்பு!"
"நமக்கில்ல, இவ செருகி வெச்சிருக்காளே,
அதைக் காட்டிக் குடுக்குது."
எதிர்வினை நேரம்
அரை வினாடியிலிருந்து ஒன்றேகாலுக்கு ஏறியது.
வரைபடத்தின் அந்த மேட்டுக்குச்
சிரிப்பு என்று பெயரெழுத
எந்த அளவுகோலிலும் இடமில்லை.

பிறகு ஒரு மணி நேரக் காணொளியைத்
திருப்பித் திருப்பி ஓட்டி
விடுபட்ட இடக்கையை மட்டும் எண்ணினேன்.
நெற்றி துடைக்க நாற்பத்தொன்று.
இடுப்பில் ஊன்ற இருபத்தாறு.
சிக்கிய தகட்டைத் தட்டிவிட ஒன்பது.
அந்த ஒன்பதில்தான்
அவள் விரல்களும் என் பட்டமும் இருந்தன.
மற்ற நூற்றுப்பன்னிரண்டு முறையும்
கை எதுவும் செய்யவில்லை,
சும்மா தொங்கியது.

ஏன் என்று கேட்டேன்.
ஒரு ஷிஃப்டுக்கு நாலாயிரம் உருப்படி
என்றெல்லாம் அவள் சொல்லவில்லை.
"மூக்கு அரிச்சா ஏ கையால சொறியறது மேடம்?"
பேட்டிக் குறிப்பு இருபத்திரண்டு.

பொத்தான்களை இறக்கினோம்,
அவள் முழங்கை மடங்கும் உயரத்துக்கு.
எதையும் செருக முடியாதபடி வளையம் வைத்தோம்.
ஐம்பது அடிக்கு ஒருமுறை
இயந்திரமே பத்து வினாடி நிற்கட்டும் என்றேன்.
நிர்வாகம் நான்கு கொடுத்தது.

கடைசி நாள் அந்த வேப்பந்துண்டை
என் உள்ளங்கையில் போட்டாள்.
"இதுக்கு இனி வேலை லேது."
பஸ் படியில் ஏறும்போது திரும்பி,
"வேற ஏதாச்சும் பாத்துக்குவோம்."

விடுதியில் என் மேசைக்கு ஒரு கால் குட்டை.
துண்டு இப்போது அதன் அடியில்.
ஐந்தாம் அத்தியாயம் ஆடாமல் நகர்கிறது.
பிழையா மீறலா,
இரண்டு கட்டமும் காலி.
ராத்திரி இரண்டு மணிக்கு மூக்கு அரித்தது.
தட்டச்சை நிறுத்தாமல்
இடக்கையால் சொறிந்துகொண்டேன்.