புதுக்கடையில், சூடு படுமுன்

மழை பிடித்த நாட்களில் என் மெசினுக்குச் சோம்பல்.
காற்றின் ஈரம் ஏற்றத்தைக் கசியவிடும்,
எழுத்துகள் காய்ச்சல்காரன் குரல்போல வெளிவரும்.
"தம்பி, கொஞ்சம் கறுப்பாப் போடும்" என்பார்கள்
கறுப்புக் கோட்டுக்காரர்கள்.

நீதிமன்ற மதிலுக்கு எதிரே,
மாடிப்படிக்குக் கீழே ஆறடிக் கடை.
உயர்தரத்தில் பௌதிகவியல் இரண்டு தரம் எழுதி
இரண்டு தரமும் சாதாரண சித்தி.
ஒரு பக்கம் பதினைந்து ரூபா.

மூடிக்குள் நடப்பது இதுதான்:
இருட்டில் ஓர் உருளை
நேர் ஏற்றம் பூசிக்கொண்டு சுற்றுகிறது.
வெளிச்சம் பட்ட இடமெல்லாம் வெறுமையாகிவிடும்;
எழுத்தின் நிழல் விழுந்த இடம் மட்டும்
பிடித்ததை விடாது.
பக்கத்தில் மறை ஏற்றத்தோடு கரித்தூள்.
நடுவில் மயிரிழை அகலத்துக்குக் காற்று.
தள்ளும் கை இல்லை, இழுக்கும் கயிறு இல்லை.
ஆனாலும் தூள் எழும்பிப் போகிறது,
ஒவ்வொரு துகளும் தன் பாரத்தை மறந்து,
தனக்கென்று வளைந்த ஒரு பாதையில்.
ஏற்றமில்லாத வீதித் தூசியும்
அதே இடைவெளியில்தான் மிதக்கிறது.
அதற்கு அங்கே புலம் என்று ஒன்று
இருப்பதே தெரியாது.

பிறகு கடதாசி வரும்,
முதுகில் இன்னும் பெரிய ஏற்றத்தோடு.
தூள் உருளையைக் கைவிட்டு இங்கே தாவும்.
கட்சி மாறுவது அவ்வளவு லேசு.

அன்று ஆட்டுப்பட்டித்தெருக் கொரற்றி
குடையை மடிக்காமலே உள்ளே வந்தா.
இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்,
பதினொரு வருட வழக்கு.
"பத்துக்குக் கூப்பிடுவாங்கள், உறுதியில ஒரு கொப்பி."
மூன்றாம் பக்கம் பாதி வழியில்
கரண்ட் போனது.

கதவைத் திறந்து மெல்ல உருவினேன்.
எல்லா எழுத்தும் இருந்தது.
ஆனால் சூட்டுருளைக்கு அது இன்னும் போகவில்லை.
கடதாசியில் மிஞ்சிய ஏற்றம் பிடித்திருக்கிற அளவுக்குத்தான்
அந்த உறுதி உறுதி.
"மூச்சு விடாதீங்க அக்கா" என்றேன்,
சொன்ன மூச்சில் ஒரு காற்புள்ளி பறந்தது.
என் பெருவிரல் பட்ட மூலையில்
வெள்ளை.

ரோட்டைக் கடந்தோம்,
நான் தட்டில் கோப்பை கொண்டுபோகிறவன் மாதிரி,
அவ எனக்குமேல் குடையோடு,
முச்சக்கரவண்டிகள் எங்களைத் திட்டித் திட்டி ஒதுங்க.
பியதிலக்க அங்கே வக்கீல் கோட்டுகளை
சிரட்டைக்கரிப் பெட்டியால் மினுக்கிக்கொண்டிருந்தான்.
அவனுக்குக் கரண்ட் போனதும் தெரியாது,
வந்தாலும் தெரியாது.
"தொடாதே, மேலே பிடி" என்றேன்.
பெட்டியை ஒரு விரல் உயரத்தில் நகர்த்தினான்,
குழந்தைக்கு விசிறுகிறவன்போல.
தூள் வியர்த்தது. மினுங்கியது.
பிறகு நாருக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டது.
இனி எந்தப் புலமும் அதை அசைக்காது.

கொரற்றி வாசித்துப் பார்த்தா:
கிழக்கே ஒழுங்கை, தெற்கே வாய்க்கால்,
மேற்கே சவிரிமுத்துவின் காணி.
அதற்கப்பால் என் பெருவிரல்.
"அந்தப் பக்கம்தான் தம்பி வழக்கே" என்றா.
கோபிக்கிறாவா சிரிக்கிறாவா, தெரியவில்லை.
மணி பத்துக்கு ஐந்து. மதிலுக்குள் போய்விட்டா.

பன்னிரண்டுக்குத் திரும்பி வந்தா.
நீதவான் லீவாம், தவணை தையில்.
கரண்ட் வந்திருந்தது. மெசின் தன்பாட்டில்
வெறும் கடதாசி ஒன்றைத் துப்பியது.
"இப்ப வடக்கையும் போட்டு ஒண்டு தாருமன்."

தந்தேன். காசு வாங்கவில்லை.
விரலைப் பச்சைத் தண்ணீரில் கழுவினேன்;
சுடுதண்ணீர் பட்டால் அங்கேயே தங்கிவிடும்,
யாருடையதோ ஒரு எல்லை.